ஏழுதரம் முழுகிய நாகமான்: சருமத்தைப் பேணும் அனுதினப் பழக்கங்கள் குறித்து ஒரு பாடம்

வேதபாகம்: 2 இராஜாக்கள் 5:1-14

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெப பங்காளிகளே, உற்சாகமாய்க் கொடுத்து இந்த ஊழியத்தைத் தாங்கும் உடன் ஊழியர்களே,



இந்த முறை நம்முடைய தோலைக் குறித்துச் சற்றுத் தியானிக்க விரும்புகிறேன். "தோலைப் பற்றிப் பேசுவது டாக்டருடைய வேலை அல்லவா? குருவானவருக்கு இதில் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் லேவியராகமத்தில் 13, 14 ஆகிய இரண்டு நீண்ட அதிகாரங்கள் இந்தக் காரியத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தோலில் தடிப்போ வெள்ளைப் புள்ளியோ கண்டவனை ஆசாரியன் நின்று கவனமாய்ப் பார்க்க வேண்டும். நிச்சயம் இல்லாவிட்டால் ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒருவனைத் தீட்டுள்ளவன் என்று சொல்லிவிடக் கூடாது. ஆகவே மனிதருடைய தோலை அன்போடு பார்ப்பது ஆதியிலிருந்தே தேவ ஊழியருடைய வேலைகளில் ஒன்றாய் இருந்திருக்கிறது. அதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

கையை மறைத்த சகோதரி

சில ஆண்டுகளுக்கு முன் திருத்தங்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நம் ஆஸ்பத்திரி சிற்றாலயத்தின் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தார். பட்டாசு ஆபீசில் வேலை. எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை "ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள்: பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சு ஆபீஸ். அவர் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார். கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். திருவிருந்து நாளில் எல்லோரும் முன்னே வரும்போது அவர் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டேன். "நான் வரல ஐயா. என் கையைப் பாத்தா பக்கத்துல முட்டி போடுறவங்களுக்கு அருவருப்பா இருக்கும். இது பெரிய வியாதின்னு தெருவுல பேசிக்கிறாங்க" என்று சொல்லிக் கையை விரித்துக் காண்பித்தார். உள்ளங்கை கறுத்து, தடித்து, கோடு கோடாய் வெடித்து, சில இடங்களில் இரத்தம் கசிந்திருந்தது. பெரிய வியாதி என்று அவர் சொன்னது தொழுநோயை.

நான் அவருக்காக ஜெபித்தேன். பல மாதங்கள் ஜெபித்தேன். கை அப்படியேதான் இருந்தது. கடைசியில் வெளிநோயாளர் பகுதிக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த நர்ஸ் சிஸ்டர், நான் ஒருமுறைகூடக் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "அக்கா, வேலை முடிஞ்சதும் கையை எதுல கழுவுவீங்க?"

"சீமெண்ணெய்லதான் சிஸ்டர். பிறகு சோப்புத்தூள் போட்டு மணலால தேய்ப்பேன். இல்லாட்டி அந்த சில்வர் போகாது."

டாக்டர் தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். நரம்புகளைத் தடவிப் பார்த்தார். தொழுநோய் இல்லை. அலுமினியப் பவுடரும், அதைப் போக்குவதற்காக அவர் தினமும் செய்துவந்த கழுவுதலும் சேர்ந்து கையைப் புண்ணாக்கியிருந்தன. கொஞ்ச நாளைக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். ஆனால், "மருந்து கால் பங்கு, பழக்கம் முக்கால் பங்கு" என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பழக்கங்களே இந்தப் பாடத்தின் பொருள்.

1. நாகமானின் கோபம்

நாகமான் சீரியாவின் படைத்தலைவன், பராக்கிரமசாலி, ஆனால் தோலில் வியாதி. வெள்ளியும் பொன்னும் மாற்று வஸ்திரங்களும் ஏற்றிக்கொண்டு இஸ்ரவேலுக்கு வந்தான். எலிசா வெளியே வரக்கூட இல்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணச் சொன்னார். நாகமானுக்குக் கடுங்கோபம். தீர்க்கதரிசி வந்து நின்று, கையை அசைத்து, பெரிதாய் ஏதாவது செய்வார் என்று எதிர்பார்த்தான். தண்ணீர்தான் மருந்து என்றால் தமஸ்குவில் நதிகள் இல்லையா என்று திரும்பிப் போகப் பார்த்தான்.

அவனைத் தடுத்தவர்கள் அவனுடைய ஊழியக்காரர். பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்தச் சிறிய காரியத்தைச் செய்யலாகாதா என்ற கருத்தில் தகப்பனிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். அவன் இறங்கினான். ஒருதரம் அல்ல, ஏழுதரம்.

வேதத்தில் குஷ்டம் என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல் இன்றைய தொழுநோயை மட்டும் குறிப்பதல்ல. பலவிதத் தோல் நோய்களையும், வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூஞ்சணத்தையும் அதே சொல்லால் லேவியராகமம் குறிக்கிறது. இன்றைய தொழுநோயை உண்டாக்கும் கிருமியை 1873-ல் நார்வே தேசத்து டாக்டர் ஹேன்சன் கண்டறிந்தார். ஆகவே தோலில் எதைக் கண்டாலும் "குஷ்டம்" என்று பேசுவது வேதத்தின்படியும் சரியல்ல, வைத்தியத்தின்படியும் சரியல்ல.

நாகமான் சுகமானது தேவனுடைய அற்புதம். அதோடு அந்தச் சரித்திரம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. விலையுயர்ந்த பெரிய காரியத்தை நாம் தேடுகிறோம். தேவன் பலமுறை எளிய காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார். தோலின் விஷயத்தில் இது எழுத்தின்படியே உண்மை.

2. தோலுக்குள் தேவன் வைத்த ஞானம்

வளர்ந்த மனிதனுடைய தோலை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை முதல் 2 சதுர மீட்டர் இருக்கும். அதன் மேலடுக்கு ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. வயதானால் இன்னும் கொஞ்சம் நாளாகும். அடியில் புதிய அணுக்கள் பிறந்து, மேலே வந்து, உலர்ந்து உதிர்கின்றன. மேல் அடுக்கின் அணுக்களைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சாந்துதான் உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் விஷத்தை உள்ளே விடாமலும் காக்கிறது.

தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. அது கிருமிகளை அடக்கி வைக்கிறது. சாதாரண சோப்பு காரத்தன்மை உடையது. துணி சோப்பும் சலவைத்தூளும் இன்னும் கடுமையானவை. தினமும் பலமுறை அவற்றால் தேய்த்தால் சாந்து கரைந்து, செங்கல் மட்டும் நிற்கும். அப்படிப்பட்ட சுவர் வெடிக்கும். சீமெண்ணெயும் தின்னரும் செய்வது இதுவே.

3. தொழுநோயாளிகள் நமக்குக் கற்பித்த பாடம்

தண்ணீரும் எண்ணெயும் தோலுக்கு எவ்வளவு பெரிய மருந்து என்பதை நம் தமிழ்நாட்டு மிஷன் ஆஸ்பத்திரிகளே உலகத்துக்குக் காட்டின. டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் வைத்தியம் கற்று, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அந்நாளில் செங்கல்பட்டில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்துவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு அங்கிருந்த நோயாளிகளைக் காண்பித்தார். விரல்கள் குறைந்துபோன கைகளைக் கண்ட பிராண்ட், இது ஏன் என்று ஆராயத் தொடங்கினார்.

தொழுநோயில் சதை தானாகவே அழுகி விழுகிறது என்று அதுவரை பலரும் நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவர் போராடியபோது, நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நரம்பு செத்துப்போனதால் வலி இல்லை. வலி இல்லாததால் கவனம் இல்லை. கவனம் இல்லாததால் சூடும் முள்ளும் வெடிப்பும் கொஞ்சம் கொஞ்சமாய் விரலைக் கொண்டுபோய்விடுகின்றன.

அந்த நரம்புகளோடு வியர்வைச் சுரப்பியும் வேலை செய்யாமல் போகிறது. தோல் வறண்டு, தடித்து, பாதம் வெடிக்கிறது. வெடிப்பில் கிருமி நுழைந்தால் புண்; புண் ஆழமானால் எலும்பு. இதற்குப் பரிகாரம் என்ன? வேலூருக்கு அருகில் 1955-ல் தொடங்கப்பட்ட காரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும், அதுபோன்ற மற்ற இடங்களிலும் நோயாளிகளுக்குக் கற்பிக்கப்படும் முறை மிக எளியது. தினமும் கையையும் காலையும் பேசினில் சாதாரணத் தண்ணீரில் சுமார் 20 நிமிடம் ஊற வைக்க வேண்டும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் முழுவதும் உலரும் முன்னே எண்ணெய் தடவ வேண்டும். பிறகு வெளிச்சத்தில் உட்கார்ந்து, வலி சொல்லாததைக் கண் பார்க்கும்படி, ஒவ்வொரு விரலாகப் பார்க்க வேண்டும். பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு. இவ்வளவுதான்.

இதை ஒருநாள் செய்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் செய்தவருடைய பாதம் சாட்சி சொல்லும். எண்ணெய் தோலுக்குள் நீரைக் கொண்டுவருவதில்லை. ஊறின நீரை வெளியே போகாமல் பூட்டி வைக்கிறது. ஆகையால் வறண்ட தோலில் எண்ணெய் தடவுவதைவிட, குளித்த உடனே ஈரத்தோலில் தடவுவதே பலன் தரும். ஒரு எச்சரிக்கை: சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர்கள் காலை நெடுநேரம் ஊற வைக்கவும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, பாதத்தில் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் தடவக் கூடாது.

தொழுநோய் இன்று முழுவதும் குணமாகும் நோய். உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல் கண்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காண்பியுங்கள். கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. அது இலவசமாகவே கிடைக்கிறது.

4. எங்கள் பக்கத்துக் கைகள்

திருத்தங்கலும் சிவகாசியும் வானம் பார்த்த பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாளிலிருந்து, மழை பொய்த்தாலும் இங்கே அடுப்பு எரிகிறது. அதற்காக நாம் தேவனை ஸ்தோத்திரிக்க வேண்டும். ஆனால் நூறு வருஷமாய் அந்தப் பிழைப்புக்குக் கைகளே விலை கொடுத்திருக்கின்றன.

பட்டாசில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும், சில கலவைகளில் டைகுரோமேட்டும் உண்டு. இந்தக் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். சிமெண்ட் வேலை செய்கிறவர்களின் கையில் வரும் கரப்பானுக்கும் இதுவே ஒரு காரணம். அச்சு ஆபீசில் மையும், அதைத் துடைக்கும் எண்ணெய்களும். இவர்களுக்கு நம் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுப்பது இது:

முதலாவது, வேலைக்குப் போகும் முன்னே கைக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள். வேலை இடத்து விதி அனுமதிக்கும் அளவில் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, வேலை முடிந்ததும் காய்ந்த பவுடரை முதலில் துணியால் தட்டிவிடுங்கள். பிறகு எண்ணெய் தடவி, பஞ்சாலோ பழைய துணியாலோ துடைத்தெடுங்கள். எண்ணெயில் ஒட்டிக்கொண்டு பவுடர் வந்துவிடும். அந்தத் துணியை அடுப்புக்கும் பீடிக்கும் தூரமாய் வையுங்கள்.

மூன்றாவது, குளிக்கும் சோப்பால் ஒருமுறை கழுவினால் போதும். சீமெண்ணெய், தின்னர், மணல், சலவைத்தூள் வேண்டாம்.

நான்காவது, உடுப்பை மாற்றி, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். ஆபீசில் போடுவது பருத்தி உடுப்பாய் இருக்கட்டும். நைலான் வகைத் துணி வியர்வையை உறிஞ்சாது. உராய்ந்தால் மின்பொறியும் உண்டாகும், பட்டாசு வேலைக்கு அது ஆபத்து.

தீக்காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் பக்கத்தில் தோலைப் பற்றிப் பேச முடியாது. சுட்டுவிட்டால் முதல் மருந்து ஓடும் குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். பனிக்கட்டி அல்ல. மையோ பற்பசையோ மாவோ முட்டையோ தடவக் கூடாது. வீங்கும் முன்னே வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். ஆழமாய்ச் சுட்டு ஆறின தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இருப்பதில்லை. அது அரிக்கும், இழுக்கும், வெடிக்கும். தினமும் மூன்று நான்கு முறை எண்ணெய் தடவி மெல்ல நீவிவிடுவதும், வெயில் படாமல் மூடுவதும், சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் தவறாமல் செய்வதும் பல மாதங்கள் தொடர வேண்டும். காரிகிரியின் பாடம் இங்கேயும் அதுவே.

5. தோலுக்கு உள்ளிருந்து போஜனம்

தானியேலும் அவன் தோழரும் பத்து நாள் பயறும் காய்கறியும் தண்ணீரும் போதும் என்று கேட்டார்கள். பத்து நாள் கழித்து அவர்கள் முகம் மற்றவர்களுடைய முகத்தைவிடக் களையாய் இருந்தது என்று தானியேல் முதலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது தேவ கிருபை. ஆகாரத்துக்கும் முகத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கும் அது ஒரு சாட்சி.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஏழைப் பிள்ளைகளின் முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் சிறு முள் முள்ளாய்ச் சொரசொரப்பு தோன்றும். 1933-ல் இலங்கையில் பணிசெய்த டாக்டர் லூசியஸ் நிக்கோல்ஸ் இதற்குத் தேரையின் தோல் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். குன்னூரில் டாக்டர் மெக்காரிசன் 1918-ல் தொடங்கிய சத்துணவு ஆராய்ச்சி நிலையத்திலும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்தார்கள். அந்த நிலையம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசியச் சத்துணவு நிலையமாய் இருக்கிறது. முதலில் வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று எண்ணினார்கள். பின்னர், நல்ல எண்ணெய்களில் உள்ள அவசியமான கொழுப்புச் சத்தும் பி வைட்டமின்களும் குறைந்தாலும் இது வரும் என்று தெரிந்தது. ஆகாரம் திருந்தினபோது தோலும் திருந்தியது. மேலே தடவுவது மட்டும் போதாது.

ஆகவே தோலுக்கு நல்லது எது என்று கடையில் தேட வேண்டாம், சந்தையில் தேடுங்கள்.

முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பப்பாளி, மஞ்சள் பூசணி ஆகியவற்றில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து உண்டு. கீரையை ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துத் தாளித்துச் சாப்பிட்டால்தான் அது உடலில் நன்றாய்ச் சேரும்.

நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றில் வைட்டமின் சி உண்டு. தோலுக்கு உறுதி தரும் நாரைக் கட்டுவதற்கும் புண் ஆறுவதற்கும் அது வேண்டும்.

நிலக்கடலை, எள், நல்லெண்ணெய் கரிசல்காட்டின் ஆசீர்வாதங்கள். பாசிப்பயறு, மொச்சை, முட்டை, மீன் ஆகியவை புரதம் தரும். தீக்காயத்திலிருந்து தேறுகிறவருக்கு இவை மருந்துக்குச் சமானம்; பத்தியம் என்று சொல்லி நிறுத்துவது தவறு.

கம்பும் கேழ்வரகும் குதிரைவாலியும் நம் முன்னோர் சாப்பிட்டவை. வெள்ளைச் சோறும் புரோட்டாவும் மட்டும் தட்டை நிரப்பாமல், வாரத்தில் சில நாளாவது இவை வீட்டில் வேகட்டும்.

தண்ணீர்: கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். தாகம் எடுக்கும் முன்னே குடியுங்கள். மோரும் கூழும் நல்லவை. பெண்கள் பலர் வேலை இடத்தில் கழிப்பறை வசதிக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். இது தோலுக்கு மட்டுமல்ல, சிறுநீரகத்துக்கும் கேடு.

புகையிலையும் சாராயமும் தோலைச் சீக்கிரம் முதுமையாக்கும். போதிய தூக்கமும், நண்பகல் வெயிலில் ஒரு குடையும் செலவில்லாத மருந்துகள்.

6. நிறத்தைக் குறித்து

இதைச் சொல்லத் தயக்கம்தான். ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் சபைகளிலும் பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைத்தான். உன்னதப்பாட்டின் முதலாம் அதிகாரத்தில் ஒரு பெண், தான் கறுப்பாயிருந்தும் அழகானவள் என்று சொல்கிறாள். வெயிலில் திராட்சத்தோட்டத்தைக் காக்க வைக்கப்பட்டதால் கறுத்ததாகச் சொல்கிறாள். அவளும் நம் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப்போல வேலை செய்து கறுத்தவள். கறுப்பு நிறம் தருகிற மெலனின், சூரியனின் கொடிய கதிரிலிருந்து காப்பதற்காகத் தேவன் நமக்குக் கொடுத்த குடை.

இதை அழிக்க எண்ணி நம் பெண் பிள்ளைகள் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் களிம்பு வாங்கி முகத்தில் பூசுகிறார்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. முதல் சில நாட்கள் முகம் வெளுத்ததுபோலத் தோன்றும். பின்பு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் தோன்றி, நிறுத்தினால் முகம் எரியும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் முகம் புண்பட்டு எங்களிடம் வருகிற இளம்பெண்கள் இருக்கிறார்கள். அப்படிப் பூசுகிறவர்கள் சொந்தமாய்த் திடீரென்று நிறுத்திவிடாமல் டாக்டரைக் கண்டு நிறுத்த வேண்டும். தாய்மாரே, உங்கள் பிள்ளையின் நிறத்தைக் குறித்து வீட்டில் பேசும் ஒவ்வொரு குறையும் அவளை அந்தக் கடைக்குத்தான் அனுப்புகிறது.

7. வீட்டில் கடைப்பிடிக்க ஓர் ஒழுங்கு

காலை: குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரக் குளியல். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்குச் சோப்புப் போதும்; மற்ற இடத்துக்குத் தினமும் அவசியமில்லை. துடைத்து 3 நிமிடத்துக்குள் கைகாலுக்கு எண்ணெய்.

பகல்: தண்ணீர், கீரை, பயறு, ஒரு பழம். வெயிலில் குடை அல்லது முக்காடு.

மாலை: வேலைத் தூசு போகக் குளியல், உடை மாற்றம்.

இரவு: விளக்கு வெளிச்சத்தில் கையையும் காலையும் பாருங்கள். முதியோருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை: படுக்கை விரிப்பையும் துண்டையும் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு கண்டால் டாக்டர் கொடுக்கும் மருந்தை எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். இல்லாவிட்டால் சிரங்கு வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆறாத புண், உருவம் மாறும் மச்சம், உணர்ச்சியற்ற தேமல், உடம்பு முழுவதும் திடீர்த் தடிப்பு ஆகியவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.

முடிவுரை

அந்தச் சகோதரி சிஸ்டர் சொன்னபடி எண்ணெயும் தண்ணீருமாய்ச் செய்துவந்தார். முதல் வாரம் பலன் ஒன்றும் இல்லை என்று சொல்லி அழுதார். புதுத்தோல் மேலே வர 4 வாரம் ஆகும் என்று சிஸ்டர் தைரியம் சொன்னார். இரண்டு மாதத்துக்குள் வெடிப்பு மூடியது. உள்ளங்கை மெத்தென்று ஆகிவிடவில்லை. உழைக்கிற கை அப்படி ஆகாது. சில்வரும் முழுவதும் போகவில்லை. ஆனால் அடுத்த திருவிருந்தில் அவர் முன்னே வந்து முழங்கால்படியிட்டு இரண்டு கையையும் நீட்டினார். நகத்தோரத்தில் மினுமினுத்த அந்தக் கையில் அப்பத்தை வைக்கும்போது, நான் மாதக்கணக்காய் ஜெபித்தும் ஒரு கேள்வி கேட்காமல் விட்டதை நினைத்து வெட்கப்பட்டேன். ஜெபத்துக்கு உத்தரவு வந்தது. அது சிஸ்டருடைய வாயில் இருந்தது.

நாகமானுக்கும் வழிகாட்டினது யார்? வீட்டில் வேலை செய்த ஒரு சிறு பெண். அவள் பெயர்கூட வேதத்தில் இல்லை.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கையும் அப்படிப்பட்டதே. ஒரு பேசின், ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய், ஒரு துண்டு, ஒரு குளியல் சோப்பு: வேலைக் கையோடு வருகிறவர்களுக்கும் தீக்காயம் ஆறினவர்களுக்கும் நாம் கொடுத்தனுப்புவது இவ்வளவே. பெரிய இயந்திரம் வாங்கக் கொடுப்பதுபோல இது பேசப்படாது. ஆனால் மாதந்தோறும் தவறாமல் வருகிற சிறிய காணிக்கையே மாதந்தோறும் தவறாத எண்ணெயாகிறது.

வீட்டு ஜெபக் கூட்டங்களில் சிந்திக்க:

1. நாகமானுக்குக் கோபம் வந்தது ஏன்? நம் சரீரத்தின் காரியத்தில் நாம் எங்கே அவனைப்போல இருக்கிறோம்?

2. நம் சபையில் தோலின் நிமித்தம் பின்வரிசையில் உட்காருகிறவர் யாராவது உண்டா? நாம் அவரிடம் கேட்காத கேள்வி எது?

3. இந்த வாரம் முதல் நம் வீட்டில் தொடங்கக்கூடிய ஒரே ஒரு பழக்கம் எது?

ஜெபக் குறிப்புகள்:

பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆபீஸ்களில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக. தீக்காயத்தோடு வீடு திரும்பினவர்கள் சோர்ந்துபோகாமல் பராமரிப்பைத் தொடர. தொழுநோயிலிருந்து குணமானவர்களைக் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ள. பொறுமையோடு கேட்டு விசாரிக்கும் நம் சிஸ்டர்களுக்காக.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் சுகத்தோடு காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் அன்புள்ள,
ஆஸ்பத்திரி குருவானவர்